போயிலையும் பாட்டிலும்: திண்டுக்கல் மழைக்கு ஒரு முன் கண்ணாடி

புரட்டாசி பிறந்ததும் கார் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்கிற கேள்வி இது: "முன் கண்ணாடியில தண்ணி ஒட்டாம ஓடுற மருந்து இருக்குல்ல, அதை அடிக்கலாமா? எது நல்லது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரை, கரூர், திருச்சி என்று நாலு வழிச்சாலையில் ராத்திரி ஓட்டுகிறவரா, அடியுங்கள். நத்தம் ரோட்டுக்கும் பழனி ரோட்டுக்கும் நடுவில் மூன்றாவது கியரைத் தாண்டாமல் சுற்றுகிறவரா, அந்தக் காசுக்கு ஒரு ஜோடி நல்ல வைப்பர் பிளேடு வாங்கி மாட்டுங்கள். இரண்டு பேருக்கும் பொதுவான வேலை ஒன்று இருக்கிறது. கண்ணாடியைக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் விடுவதை நான் சொல்லவில்லை. உட்கார்ந்து, விரலால் தடவிப் பார்த்துக் கழுவுவது. திண்டுக்கல்லில் பாதிக்கு மேல் பலன் அதில்தான் இருக்கிறது. பாட்டிலில் என்ன பிராண்டு என்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஏன் நம்ம ஊரைத் தனியாகச் சொல்கிறேன் என்றால், இங்கே கண்ணாடி படும் பாடு தனி. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழனி மலைத்தொடர். தென்மேற்குப் பருவத்தில் மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நமக்கு வெறும் காற்றைத்தான் அனுப்பும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து பழனி, ஒட்டன்சத்திரம் என்று அடித்துக்கொண்டு வரும்போது மண்ணையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வருகிறது. நமக்கு உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன்னால் மாசக்கணக்கில் கண்ணாடி மேல் மண், லாரிப் புகை, வேப்பமரத்துப் பிசின், போர் தண்ணியின் உப்பு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, வெயிலில் வெந்து கிடக்கும். முதல் மழைக்கு வைப்பரைப் போட்டால் கண்ணாடி மொத்தமும் ஒரு பால் வெள்ளைப் பூச்சாக இழுபடுகிறதே, அது மழை இல்லை. அத்தனை மாச அழுக்கு.

அதிலும் உப்பு. திண்டுக்கல் நிலத்தடி நீரைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாறைப் பூமி. போதாததற்குப் பல வருஷமாகத் தோல் ஷாப்புகளின் கழிவு வேறு. குடிக்க ஆத்தூர் காமராஜர் அணையும் காவிரியும் இருக்கின்றன. கார் கழுவுவதற்கு மட்டும் போர்தான். மத்தியான வெயிலில் போர் தண்ணியை ஊற்றிவிட்டு அப்படியே விட்டால், ஒவ்வொரு சொட்டும் காய்ந்து ஒரு வெள்ளை வளையமாக உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தது லேசில் எழுந்திருக்காது.

பாட்டில் மருந்துக்கு வருவதற்கு முன்னால் போயிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுருட்டுக்கும் புகையிலைக்கும் பேர் போன ஊரில் இருந்துகொண்டு இதை விட்டால் எப்படி? ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு செய்த ஊர், அங்கு விலாஸ் புகையிலைக் கம்பெனி இருக்கிற ஊர். பழைய லாரி டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வைப்பர் மோட்டார் நடு ரோட்டில் மக்கர் செய்தால் அவர்கள் செய்த வைத்தியம், கொஞ்சம் போயிலையை நனைத்துக் கண்ணாடி மேல் அழுத்தித் தேய்ப்பது. போயிலை இல்லையா, பீடியைப் பிரித்து அதில் இருக்கும் தூள். வத்தலக்குண்டு பக்கம் ஒரு டீக்கடையில் வெங்காய லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, மெக்கானிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வருவானா? போயில வரும். தேச்சு விட்டா திருச்சி வரைக்கும் போயிரலாம்." உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தவர்களும் உண்டு. சோப்பும் அப்படித்தான். வண்டியில் எது இருக்கிறதோ அது.

இது கட்டுக்கதை இல்லை, வேலை செய்கிற விஷயம்தான். ஆனால் கடையில் விற்கிற மருந்து செய்வதற்கு நேர் எதிரான வேலையை இது செய்கிறது. சுத்தமான கண்ணாடிக்கு இயல்பிலேயே தண்ணீர் பிடிக்கும். அதன் மேல்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் ஒரே தகடாகப் பரவும். பரவிய தண்ணீர் வழியாகப் பார்க்கலாம், பெரிதாகத் தொந்தரவு இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில்தான் தண்ணீர் அங்கங்கே திட்டுத் திட்டாக நின்று கண்ணை மறைக்கும். போயிலைச் சாறும் சோப்பும் அந்தப் பிசுக்கைக் கலைத்து, தண்ணீரை மறுபடி தகடாகப் பரத்திவிடுகின்றன. கொஞ்ச தூரம் போனதும் மழையே அதைக் கழுவிவிடும், திரும்பவும் இறங்கித் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் குறை.

பாட்டில் மருந்து அந்த ஹைட்ராக்சில் தொகுதிகளையே பிடித்து மூடிவிடுகிறது. மேலே தண்ணீருக்குப் பிடிக்காத ஒரு மெல்லிய படலம். தண்ணீர் பரவ வழியில்லாமல் முத்து முத்தாகச் சுருண்டு நிற்கும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி என்று விளம்பரக்காரர்கள் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகம். தாமரை இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களும் அதன் மேல் மெழுகும் இருப்பதை ஜெர்மனியின் பான் நகரத்துத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997-இல் விளக்கி எழுதினார். அந்த இலையில் துளி உட்காரும் கோணம் 150 டிகிரிக்கும் மேல், கிட்டத்தட்ட முழு உருண்டை. வழவழப்பான கண்ணாடியில் என்ன பூசினாலும் 110, 115 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம். தாமரைக்கு இருக்கிற மேடு பள்ளத்தைக் கண்ணாடிக்கும் கொடுக்கலாமே என்றால், ஒளி சிதறிக் கண்ணாடி மங்கிவிடும். பார்க்க முடியாத முன் கண்ணாடி எதற்கு?

முழு உருண்டை ஆகாததால்தான் வேகம் தேவைப்படுகிறது. பாதி உருண்டையாக நிற்கும் துளியைக் காற்று தள்ள வேண்டும். சாய்ந்த கண்ணாடி உள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் துளிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே ஓட ஆரம்பிக்கும். அம்பாத்துரை தாண்டி கொடைரோடு பக்கம் 80-இல் போகும்போது கொட்டுகிற மழையில் இதை ஒரு தடவை பார்த்தவர்கள் அப்புறம் விடமாட்டார்கள். கண்ணாடியின் அடியில் இருந்து துளிகள் எறும்புச் சாரை போல மேலே ஏறிக் கூரையில் போய் மறையும். வைப்பரை மெதுவான வேகத்துக்குக் குறைத்துவிடலாம். லாரி பக்கத்தில் போய் ஒரு வாளித் தண்ணீரை அள்ளி அடித்தாலும் பார்வை திரும்ப ஒரு நொடி போதும். உயிர் போகிற இடம் அந்த ஒரு நொடிதான் என்பதால் எனக்கு இந்த மருந்தின் மேல் மரியாதை உண்டு.

அதே கார் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசலில் 20-இல் ஊர்ந்தால் துளிகள் நகராது. முத்து முத்தாக நிற்கும். மழை பலமாக இருந்தால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துத் தாமாகவே வழியும். தூறலில் அதுவும் நடக்காது. பொடிப் பொடித் துளிகள் கண்ணாடி முழுக்க ஒட்டிக்கொண்டு நிற்க, எதிரே ஒருவர் ஹை பீமை இறக்காமல் வந்தால் (நம்ம ஊரில் யார் இறக்குகிறார்கள்?) ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி பல்பு. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். பஸ், லாரி போல நிமிர்ந்த கண்ணாடி உள்ள வண்டிகளுக்கும் காரில் கிடைக்கிற அளவு பலன் கிடைக்காது. நிமிர்ந்த கண்ணாடியில் காற்று துளியை மேலே ஓட்டுவதைவிட அமுக்குவதுதான் அதிகம்.

இனிமேல் கடை. அக்சஸரீஸ் கடையில் போய் நின்றால் முதல் வசனம், "சார், இது அடிச்சா வைப்பரே வேணாம் சார்." சிரித்துக்கொண்டே பாட்டிலைக் கையில் வாங்கிப் பின்பக்கம் படியுங்கள். பெரும்பாலும் இரண்டு சாதிதான். ஒன்று சிலிக்கோன் வகை. இதில் பழைய பெயர் ரெயின்-எக்ஸ். 1972-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் ஓல்ஹவுசன் என்பவர் உருவாக்கியது. ஆல்கஹாலில் கரைத்த சிலிக்கோன், ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் அமிலம். பூசுவது சுலபம், விலையும் கட்டும், சில வாரம் முதல் ஓரிரு மாசம் வரை தாங்கும். இன்னொன்று ஃபுளோரின் வகை. பி.பி.ஜி. கம்பெனி உருவாக்கிய அக்வாபெல், ஜப்பானில் ஒசாகாவின் சாஃப்ட்99 போடும் அல்ட்ரா கிளாகோ போன்றவை. இவை கண்ணாடியோடு இன்னும் இறுக்கமாகப் பிணைந்து மாசக்கணக்கில் நிற்கும். டப்பாவில் ஆறு மாசம் என்று போட்டிருந்தால் நம்ம வெயிலுக்கும் தூசிக்கும் அதில் ஒரு பகுதியைக் கழித்தே கணக்குப் போடுவேன். வைப்பர் ஓடும் பகுதியில் முதலில் தேயும். ஓரங்களில் மருந்து இருக்கும், நடுவில் காலியாகியிருக்கும்.

விமானங்களிலும் இந்தக் கதை உண்டு. போயிங் விமானங்களில் முன்பு ரெயின்போ என்ற திரவத்தை விமானி ஒரு பட்டனை அமுக்கி மழையிலேயே கண்ணாடி மேல் பீய்ச்சுவார். அதில் ஓசோனைக் கெடுக்கும் சி.எஃப்.சி. இருந்ததால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் கைவிட்டார்கள். இப்போது கண்ணாடியிலேயே பூசிவிடுகிறார்கள்.

எந்த வகை வாங்கலாம்? ஃபுளோரின் வகை நன்றாக உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் எளிதில் அழியாத ஃபுளோரின் சேர்மங்களை ஒட்டுமொத்தமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2023-இல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து ஐரோப்பாவில் ஒரு முன்மொழிவு வைத்திருக்கின்றன. நிலத்தடி நீர் ஒரு தடவை கெட்டால் என்ன ஆகும் என்று வீட்டு வாசலிலேயே பார்த்த ஊர் நம்முடையது. என் கார்களுக்கு நான் சிலிக்கோன் வகையோடு நிறுத்திக்கொள்கிறேன். அடிக்கடி பூச வேண்டியிருக்கும், பரவாயில்லை. தினமும் ராத்திரி பெங்களூர் போய் வருகிற டாக்ஸி டிரைவரிடம் இதையே சொல்ல மாட்டேன். அவருடைய கணக்கு வேறு.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். துணியால் தேய்க்கிற மருந்தாக வாங்குங்கள், புகை மாதிரி பீய்ச்சும் ஏரோசால் டப்பா வேண்டாம். 2006 மார்ச்சில் ஜெர்மனியில் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அடிக்கிற 'மேஜிக் நானோ' என்ற ஸ்பிரேயால் ஏறக்குறைய நூறு பேருக்கு மூச்சுத் திணறல் வந்து, சிலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பொருளைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பெயரில்தான் நானோ, ஆராய்ந்ததில் நானோ துகளே இல்லை. நுண்ணிய மூடுபனியாக நுரையீரலுக்குள் போனதுதான் வினை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஷெட்டுக்குள் நின்று அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, கழுவுகிற வேலை. காலையில் வெயில் ஏறுவதற்குள் முடிப்பது மாதிரி ஆரம்பியுங்கள். மத்தியானம் நம்ம ஊர்க் கண்ணாடியில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் மருந்து பரவும் முன்னாலேயே ஆவியாகித் திட்டுத் திட்டாகிவிடும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை இறக்குங்கள். காய்ந்த துணியால் முதல் தேய்ப்பு தேய்த்தால் அந்த மண்ணே உப்புத்தாள் ஆகிவிடும். அப்புறம் ஷாம்பு. ஒரு மழை விட்ட சாயங்காலம் லைட்டைப் போட்டு ஓட்டியிருந்தால் ஈசல் அப்பியிருக்கும். ஈரத் துணியைப் போர்த்திக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் தானே வரும், சுரண்டாதீர்கள்.

ஷாம்பு போட்ட கண்ணாடி பளபளவென்றிருக்கும். அதை நம்பாதீர்கள். ஈர விரல் நுனியால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நெருநெருவென்று தட்டுகிறதா? உப்பு. வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து, கறை மேல் ஒட்டிக் கொஞ்ச நேரம் விடுங்கள். சுண்ணாம்பு வகை உப்பு அதில் கரையும். பெயின்ட் மேல் வழிந்தால் உடனே நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். பாத்ரூம் ஆசிட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பெயின்ட், நிக்கல் பட்டை எல்லாம் போய்விடும். வினிகருக்கும் அசையாத வளையங்கள் கண்ணாடியையே அரித்து உள்ளே இறங்கியவை. அதற்கு சீரியம் ஆக்சைடு பாலிஷ்தான் வழி. கண்ணாடிக் கடைக்காரர்களுக்குத் தெரிந்த மாவுதான் அது. நீரில் குழைத்து ஃபெல்ட் துணியால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். ஒரே இடத்தில் அதிகம் தேய்த்தால் அங்கே குழி விழுந்து பார்வை நெளியும்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சொம்புத் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பாருங்கள். எங்கேயும் கிழியாமல் ஒரே திரையாக இறங்கினால் கண்ணாடி சுத்தம். நடுவில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஒதுங்கினால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது. போயிலைக்காரர் தேடியதும் இந்தத் திரையைத்தான். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு ஒரு துடைப்பு. இந்த நிலையில் நிறுத்திவிட்டு, புது வைப்பர் பிளேடு மட்டும் மாட்டிக்கொண்டு போனால்கூட ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு இந்த மழைக்காலம் கழிந்துவிடும்.

மருந்து பூசுகிறவர்கள் கண்ணாடி எலும்பு போலக் காய்ந்ததும் துணியில் கொஞ்சம் எடுத்து, ஒரு முழம் அகலப் பகுதியாகப் பிரித்துக்கொண்டு, முதலில் வட்டமாக, அப்புறம் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். பக்கத்தில் சிகரெட் வேண்டாம், ஆல்கஹால். சில நிமிஷத்தில் கண்ணாடி மங்கலாகப் பூத்து வரும். பூத்த பிறகு, லேசாக நனைத்த வேறு துணியால் தெளிவு வரும் வரை துடையுங்கள். துடைத்ததும் அப்படியே இரண்டாம் பூச்சு. கதவுக் கண்ணாடியும் பக்கவாட்டுக் கண்ணாடியும் மறந்துபோகும். உண்மையில் வைப்பர் இல்லாத அந்த இடங்களில்தான் மருந்து ரொம்ப நாள் நிற்கிறது. பூசிய அன்றைக்கு வண்டியை நனையவிடாமல் நிறுத்தினால் நல்லது. ஃபுளோரின் வகைக்கு ஒரு ராத்திரி முழுக்கக் கொடுங்கள்.

பூசி முடித்தவர்கள் அடுத்து சொல்லும் புகார், "வைப்பர் டபடபன்னு குதிக்குது." மருந்து ஒரே சீராக இல்லாவிட்டாலும் குதிக்கும், ரப்பர் இறுகிப் போயிருந்தாலும் குதிக்கும். வெயிலில் ஒரு கோடை முழுக்க நின்ற ரப்பர் விளிம்பு கருவாடு ஆகியிருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. முதலில் பிளேடை ஆல்கஹால் துணியால் கருப்பு வராத வரை துடையுங்கள். அப்படியும் குதித்தால் மாற்றிவிடுங்கள். சிலிக்கோன் பிளேடு என்று ஒரு வகை இருக்கிறது, துடைக்கத் துடைக்கத் தானே மெல்லிய படலம் விடும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டுவது, மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றம். மழை உணர்ந்து தானே ஓடும் வைப்பர் உள்ள சில புதுக் கார்களில் மருந்து பூசியதும் சென்சார் கொஞ்சம் குழம்பலாம். கையேட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

வாஷர் டேங்கில் போர் தண்ணியை ஊற்றினால் இத்தனை வேலையும் வீண். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சிக்கனம் என்று நினைத்து ஊற்றுகிறார்கள். உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கிறது! வீட்டு ஏ.சி.யில் இருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வடிகட்டி ஊற்றுங்கள். காற்றில் இருந்து குளிர்ந்து வந்த தண்ணீர், உப்பு கிட்டத்தட்ட கிடையாது.

கொடைக்கானல் போகிறவர்கள் கேட்பது பனி மூட்டம் பற்றி. வத்தலக்குண்டு தாண்டிக் காட் ரோட்டில் ஏறும்போது கண்ணாடி உள்பக்கம் பூக்கிறதே, அதற்கு இந்த மருந்து உதவாது, உள்ளே பூசவும் கூடாது. ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏ.சி. காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், இளஞ்சூடாக வைத்தாலும் பரவாயில்லை. கீழே சமவெளியில் மழைநாளில் நேர்மாறாக வெளிப்பக்கம் பூக்கும். உள்ளே ஏ.சி.யால் கண்ணாடி ஜில்லென்று ஆகி, வெளி ஈரம் அதில் வந்து படிகிறது. அப்போது ஏ.சி.யின் குளிரைக் குறைத்து வைப்பரை ஒரு சுற்று விட்டால் போதும். எந்தப் பக்கம் பூத்திருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

"போலீஸ் பிடிக்குமா?" என்று ஒருவர் கேட்டார். 2012-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமை. நிறமில்லாத இந்த மருந்து அந்தக் கணக்கில் வராது.

கடைசியாக பைக் ஓட்டுகிறவர்களுக்கு. கார் கண்ணாடிக்கு வாங்கிய பாட்டிலை ஹெல்மெட் வைசரில் தேய்க்காதீர்கள். வைசர் பாலிகார்பனேட், அதாவது பிளாஸ்டிக். ஆல்கஹாலும் மற்ற கரைப்பான்களும் பட்டால் மேல்பூச்சு போகலாம், மெல்லிய வெடிப்பு விழுந்து சிலந்தி வலை போலத் தெரியலாம். பிளாஸ்டிக்குக்கு என்றே தனி மருந்து விற்கிறார்கள். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்று சொன்னால், பாட்டிலைத் திருப்பி பிளாஸ்டிக் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.